தேறுவானா?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நம் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் கவனித்துப் பாருங்கள், பயிர் நன்றாக விளைந்து, அறுத்து, களத்துமேட்டில் குவித்த பிறகுதான் அந்தப் பழமொழி வெளியே வரும். முளையிலேயே வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து “இது தேறும், அது தேறாது” என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜூனியர் ஹாக்கி பார்க்க வருகிற ரசிகர்கள் அந்தக் கொஞ்சம் பேரில் ஒரு பிரிவு.

சீனியர் ஆட்டம் பார்க்கப் போகிறவனுக்கு ஒரு கேள்வி: யார் ஜெயிப்பார்கள்? ஜூனியர் ஆட்டத்தில் அது இரண்டாம் கேள்வி. முதல் கேள்வி, “இந்தப் பையன் தேறுவானா?” என்பது. ஸ்கோர் போர்டில் விடை வராது. ஐந்து வருஷம், எட்டு வருஷம் காத்திருந்தால் வரலாம். அதற்குள் கேட்டவனும் மறந்திருப்பான், பையனும் எங்கேயோ போயிருப்பான்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை தமிழ்நாட்டில் நடந்தது. சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியம், மதுரை ரேஸ்கோர்ஸில் புதிதாக எழுப்பிய மைதானம் என இரண்டு இடங்கள். முதல் முறையாக 24 அணிகள். 21 வயதுக்கு உட்பட்டவர்களின் இந்தப் போட்டியை இந்தியா இதற்கு முன் டெல்லி, லக்னோ, புவனேஸ்வர் ஆகிய ஊர்களில் நடத்தியிருக்கிறது. தெற்கே வந்தது இதுதான் முதல் தடவை.

நான் திருவண்ணாமலைக்காரன். எங்கள் ஊருக்கு அந்த இரண்டு வாரமும் வேறு வேலை இருந்தது. டிசம்பர் 3ஆம் தேதி மகா தீபம். 2ஆம் தேதி மதுரையில் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று தோற்கடித்தபோது இங்கே மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. 5ஆம் தேதி பெல்ஜியத்தோடு காலிறுதி. தீபமும் பௌர்ணமி கிரிவலமும் முடித்துத் திரும்புகிற கூட்டத்தோடு செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை நின்றுகொண்டே போனேன். பக்கத்தில் நின்ற ஒருவர் “சென்னையில என்ன தம்பி விசேஷம்?” என்று கேட்டார். ஹாக்கி என்றேன். “ஓ, நம்ம பசங்க ஆடறாங்களா?” என்றார். அந்த ‘நம்ம பசங்க’ என்ற வார்த்தைக்குப் பின்னால் வருகிறேன்.

*

முதலில், ரசிகர்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் எண்கள் இருக்கின்றன. சராசரி, ஸ்டிரைக் ரேட், எல்லாம் கைபேசியில் வந்துவிடும். ஹாக்கியில் கோல் கணக்கைத் தவிரப் பொதுவெளியில் பெரிதாக எதுவும் கிடையாது. நல்ல தடுப்பாட்டக்காரன் ஒருவன் பத்து வருஷம் ஆடினாலும் அவன் செய்த வேலைக்கு எண் இருக்காது. அதனால் கண்தான் கருவி. எழும்பூர் கேலரியில் அந்தக் கண் இருக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயில்வேயில் ஆடியவர்கள், போலீஸ் அணியில் இருந்தவர்கள், பள்ளி பி.டி. வாத்தியார்கள், தங்கள் பையனை விடியற்காலை பயிற்சிக்குக் கூட்டிப்போன அப்பாக்கள்.

அவர்கள் பேச்சைக் கேட்டால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, பந்தை வாங்குவது. வேகமாக வரும் பந்து மட்டையில் பட்டு எங்கே நிற்கிறது? காலடியில் செத்து விழுந்தால் அடுத்த அடி எடுக்க ஒரு நொடி ஆகும். ஓட வேண்டிய திசையில் அரை அடி முன்னால் விழுந்தால் அந்த ஒரு நொடி மிச்சம். சர்வதேச ஆட்டத்தில் ஒரு நொடி என்பது ஒரு தடுப்பாட்டக்காரனைத் தாண்டுகிற தூரம்.

இரண்டாவது, வாங்குவதற்கு முன் என்ன செய்கிறான் என்பது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார், “தம்பி, பந்தைப் பாக்காதீங்க. பந்தை எல்லாரும் பாப்பான். பந்து இல்லாதவன் தலையைப் பாருங்க. பந்து வர்றதுக்கு முந்தி ரெண்டு வாட்டி திரும்பிப் பாக்குறான் பாருங்க, அவன் தேறிடுவான்.” அதன் பிறகு நான் அந்த ஆட்டம் முழுக்கத் தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, இடது பக்கம். ஹாக்கி மட்டைக்குத் தட்டையான முகம் ஒன்றுதான். வளைந்த பின்பக்கத்தால் ஆடக் கூடாது. அதனால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வலது பக்கம் சுலபம், இடது பக்கம் கஷ்டம். மட்டையைத் திருப்பிப் பிடித்து இடது பக்கம் சமாளிக்கிறானா, அல்லது உடம்பையே சுற்றி வலது பக்கம் வந்து நேரத்தை விடுகிறானா என்பதைப் பார்த்தால் பயிற்சியின் தரம் தெரிந்துவிடும்.

நான்காவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்: பந்தைப் பறிகொடுத்த பிறகு அவன் என்ன செய்கிறான்? இடுப்பில் கைவைத்து அம்பயரைப் பார்க்கிறானா, திரும்பி நாற்பது மீட்டர் ஓடிவருகிறானா? திறமையை வாத்தியார் சொல்லித்தரலாம். அந்த ஓட்டத்தைச் சொல்லித்தருவது கஷ்டம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இந்தக் கண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? அதற்கு வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

*

ஜூனியர் உலகக் கோப்பை 1979இல் பிரான்சின் வெர்சாய் நகரத்தில் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது பாகிஸ்தான். (தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பட்டியலில் பாகிஸ்தான் இருந்தது, பிறகு விலகியது. அந்த இடத்தில் ஓமன் வந்தது. முதல் சாம்பியன் இல்லாத போட்டியைத்தான் நாம் பார்த்தோம்.)

அந்த வெர்சாய் போட்டிக்குப் போன இந்தியப் பையன்களில் வாரணாசிக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் முகமது ஷாஹித். வயது 19. பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு நெளிந்து போகிற அவரது டிரிப்ளிங்கைப் பார்த்தவர்கள் அடுத்த வருஷமே அவரை சீனியர் அணிக்குக் கொண்டுவந்தார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் இறுதியாட்டம். இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஷாஹித் அடித்தது. அந்த அணியின் கேப்டன் சென்னைக்காரர், வாசுதேவன் பாஸ்கரன். இந்தியா ஹாக்கியில் வாங்கிய எட்டாவது தங்கம் அது. இன்றுவரை கடைசித் தங்கமும் அதுதான்.

முளையிலே தெரிந்தது என்பதற்கு ஷாஹித் நல்ல உதாரணம். ஆனால் அடுத்தடுத்த உதாரணங்கள் அவ்வளவு நேராக இல்லை.

2001, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட். இறுதியாட்டத்தில் இந்தியா அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கியது. ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர், அர்ஜுன் ஹாலப்பா, பெனால்டி கார்னரில் ஜுக்ராஜ் சிங் என்று பெரிய பட்டாளம். அந்த அணியைப் பார்த்தவர்கள் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று முடிவு கட்டினார்கள். அப்படிச் சொன்னதில் தப்பும் இல்லை. 2003 செப்டம்பரில் ஒரு கார் விபத்தில் ஜுக்ராஜுக்கு பலத்த காயம். அதன்பின் பழைய ஜுக்ராஜ் திரும்பி வரவில்லை. 2004 ஆதென்ஸ் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு ஏழாவது இடம். 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 1928க்குப் பிறகு முதல் தடவையாக ஒலிம்பிக்ஸுக்குத் தகுதியே பெறவில்லை. ஹோபார்ட்டுக்கும் சாண்டியாகோவுக்கும் இடையில் ஏழு வருஷம்கூட இல்லை.

சாண்டியாகோவுக்கு ஆறு மாதம் முன்னால்தான் இதே எழும்பூரில் ஆசியக் கோப்பை இறுதியில் இந்தியா தென் கொரியாவை 7-2 என்று ஜெயித்தது. 2007 செப்டம்பர். கேலரியில் அன்றைக்கு ஆடியவர்களில் யாராவது ஒருவர் ஆறு மாதத்தில் இப்படி ஆகும் என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

இன்னொரு ஜோடியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013இல் டெல்லியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை. சொந்த ஊரில் இந்தியாவுக்குப் பத்தாவது இடம். அவமானம் என்று எழுதினார்கள். அந்த அணியின் கேப்டன் மன்பிரீத் சிங். மூன்று வருஷம் கழித்து 2016 டிசம்பரில் லக்னோ. இந்தியா பெல்ஜியத்தை 2-1 என்று வென்று சாம்பியன். கேப்டன் ஹர்ஜீத் சிங். ஊரே கொண்டாடியது, 2018இல் அவர் கதையைப் பஞ்சாபியில் சினிமாவாகவும் எடுத்தார்கள்.

2021 ஆகஸ்ட், டோக்கியோ. 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம். ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம். கேப்டனாக மேடை ஏறியவர் மன்பிரீத். பத்தாவது இடத்துப் பையன். உலக சாம்பியன் கேப்டன் ஹர்ஜீத் அந்த அணியில் இல்லை.

இதை ‘லக்னோவில் பார்த்த கண்கள் பொய்’ என்று படித்தால் அதுவும் தப்பு. லக்னோ இறுதியில் இந்தியாவுக்குக் கோல் அடித்த இரண்டு பேர் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங். இரண்டு பேரும் டோக்கியோவில் இருந்தார்கள். வெண்கலப் போட்டியில் சிம்ரன்ஜீத் இரண்டு கோல் போட்டார். லக்னோவில் ஆடிய ஹர்மன்பிரீத் சிங் பிறகு கேப்டன் ஆகி 2024 பாரிஸில் இன்னொரு வெண்கலம் கொண்டுவந்தார். ஆக, தொகுப்பாகப் பார்த்தால் கண் சரியாகத்தான் சொல்கிறது. ஒரு நல்ல ஜூனியர் அணியிலிருந்து நான்கைந்து பேர் மேலே போவார்கள். எந்த நான்கைந்து பேர் என்பதில்தான் சறுக்குகிறது. நாம் ஆசைப்படுவதோ பெயரைச் சொல்வதற்குத்தான்.

*

இந்த வியாதி நமக்கு மட்டும் கிடையாது. கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு இது ஒரு தேசியத் திருவிழா. ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி 20 வயதுக்கு உட்பட்டவர்களின் உலகப் போட்டி நடக்கும். குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்து, எந்தப் பையன் பெரிய லீகுக்குப் போவான் என்று பேசும். அந்த லீகில் டிராஃப்ட் என்று ஒரு முறை உண்டு. அணிகள் வரிசையாகப் பதினெட்டு வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். 1993இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அலெக்ஸாண்டர் டேக். அவர்மேல் வைத்த எதிர்பார்ப்பின் பக்கத்தில்கூட அவர் ஆட்டம் வரவில்லை. 1998இல் 171ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ரஷ்யர் பாவெல் டாட்சுக், 1999இல் 210ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஸ்வீடன்காரர் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் இரண்டு பேரும் டெட்ராய்ட் அணியில் சேர்ந்து 2008இல் ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். பணம் கொடுத்து ஆள்வைத்து, ஊர் ஊராக அனுப்பிப் பார்த்த கண்களே இப்படி.

ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். சிறந்த ஜூனியர் ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை வரிசைப்படுத்தினால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி அதிகம். காரணம் ஜாதகம் இல்லை. வயதுப் பிரிவின் கட்-ஆஃப் ஜனவரி 1. ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது பெரியவன். பத்து வயதில் ஒரு வயது என்பது பெரிய வித்தியாசம். உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், “திறமைசாலி” என்று பெயர் வாங்குவான். நல்ல கோச்சும் கூடுதல் ஆட்டங்களும் அவனுக்குக் கிடைக்கும். அப்புறம் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுவான். நாம் முளையைப் பார்த்துக் கணித்தோம் என்று நினைத்துக்கொள்வோம். நடந்தது வேறு: நாம் பார்த்த முளைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினோம்.

எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. கணிப்பு என்பது வெறும் வேடிக்கை இல்லை. யாரைப் பார்க்கிறோம் என்பதே யார் வளர்வார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் யார் யாரை நாம் பார்க்கவே இல்லை?

*

பேருந்தில் கேட்ட ‘நம்ம பசங்க’வுக்கு இப்போது வரலாம். தமிழ்நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் ஆடிய இந்திய அணியில் பஞ்சாப், ஒடிசா, உத்தரப் பிரதேசம், மணிப்பூர், கர்நாடகம் என்று பல மாநிலத்துப் பையன்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன்கூட இல்லை. கோச் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர், கேரளத்தின் ஸ்ரீஜேஷ்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மெட்ராஸில் எம்.சி.சி. நடத்தும் ஹாக்கிப் போட்டி, இன்று முருகப்பா பெயரும் சேர்ந்து தங்கக் கோப்பையாக நடப்பது, 1901இல் தொடங்கியது. ஒலிம்பிக்ஸில் இந்தியா ஹாக்கி ஆடத் தொடங்குவதற்கு 27 வருஷம் முன்னால். ரயில்வே குடியிருப்புகள், ராணுவ முகாம்கள், கிறிஸ்தவப் பள்ளிகள், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், போலீஸ் லைன்கள் என்று எல்லா இடத்திலும் ஹாக்கி இருந்தது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கிய அணியில் கிருஷ்ணமூர்த்தி பெருமாள், வி.ஜே. பீட்டர், கோல்கீப்பர் முனீர் சேட் என்று தமிழ்நாட்டோடு பிறப்பாலோ ஆட்டத்தாலோ சேர்ந்தவர்கள் மூன்று பேர். பீட்டரின் தம்பி பிலிப்ஸ் 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அடுத்தது பாஸ்கரன். 1990களில் முகமது ரியாஸ். புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டைகளைக் கட்டி வைத்து ஆடிப் பழகிய தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக்ஸ், நான்கு உலகக் கோப்பை ஆடினார். 2004 ஆதென்ஸில் கோயம்புத்தூரின் ஆடம் சின்க்ளேர். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஒலிம்பிக்ஸ் ஹாக்கிக்கு யாரும் போகவில்லை.

என்ன ஆயிற்று? தரை மாறியது என்பது வழக்கமான பதில். 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியது. முந்தைய வருஷம் உலக சாம்பியனாக இருந்த இந்தியா அங்கே ஏழாவது. மண்ணிலும் புல்லிலும் பந்து குதிக்கும், நிற்கும், தந்திரத்துக்கு இடம் இருக்கும். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். வேகமும் உடல் வலுவும் முன்னால் வந்தன. அதைவிடப் பெரிய மாற்றம், மைதானம் விலை உயர்ந்த பொருள் ஆனது. முன்பு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆடியவன் அதே மாதிரித் தரையில்தான் இந்தியாவுக்கும் ஆடினான். இப்போது ஒரு மாவட்டத்துப் பையன் டர்ஃபை முதல் தடவை மிதிக்கும்போது அவனுக்கு 14, 15 வயது ஆகியிருக்கும். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டமும் பஞ்சாபும் இந்தக் காலத்தில் ஹாஸ்டல்களும் அகாடமிகளும் கட்டின. நாம் பெரும்பாலும் போட்டிகள் நடத்தினோம். 1996, 2005 சாம்பியன்ஸ் டிராபி, 2007 ஆசியக் கோப்பை, 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, இப்போது இது. நன்றாகவே நடத்தினோம். பந்தல் போடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் வாங்கிய ஊரில் ஹாக்கி தெருவிளையாட்டாகவே தங்கிவிட்டது. அங்கே அரசின் ஹாக்கி விடுதியும் டர்ஃபும் இருக்கின்றன. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் இரண்டு தமிழர்கள் போனார்கள்: கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயின்ற கார்த்தி செல்வம். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோலைக் கார்த்தி அடித்தார். 2023இல் எழும்பூரில் அவர் இறங்கியபோது கேலரி வேறு மாதிரி கத்தியது என்று அன்று இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அரியலூர்ப் பையன் இந்திய ஜெர்சி போட முடிந்ததற்குக் காரணம் அவன் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தது. நடுவில் முந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது. யாரோ ஒரு வாத்தியார் பார்த்தார், யாரோ சொல்லி அனுப்பினார்கள், வீட்டில் அனுப்பச் சம்மதித்தார்கள். இந்த மூன்றில் ஒன்று நடக்காத பையன்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு கிடையாது.

*

பெல்ஜியம் ஆட்டத்துக்கு வருகிறேன். அனுமதி இலவசம் என்பதால் நல்ல கூட்டம். முதலில் பெல்ஜியம் ஒரு கோல் போட்டது. மூன்றாம் கால்பகுதியின் கடைசியில் கேப்டன் ரோஹித் சமன் செய்தார், சில நிமிடங்களில் சாரதானந்த் திவாரி முன்னிலை கொடுத்தார். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பெல்ஜியம் மறுபடி சமன். 2-2. ஷூட்டவுட்.

ஹாக்கி ஷூட்டவுட் கால்பந்து பெனால்டி மாதிரி இல்லை. ஆட்டக்காரன் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவர வேண்டும். கோல்கீப்பர் முன்னால் வரலாம். 8 வினாடி. அதற்குள் முடிக்க வேண்டும். ஒரு பையனின் மனதைத் திறந்து பார்க்க இதைவிடக் கொடூரமான வழி கிடையாது. இந்திய கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் நின்ற விதத்தை மறக்க முடியாது. அவசரப்பட்டுப் படுக்கவே இல்லை. எதிராளி முடிவெடுக்கும்வரை நின்றார். ஒரு காலத்தில் அதே வேலையைச் செய்த ஸ்ரீஜேஷ் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 4-3. இந்தியா அரையிறுதியில்.

7ஆம் தேதி ஜெர்மனி. முதல் கால்பகுதிக்குள்ளேயே இரண்டு கோல் வாங்கி, கடைசியில் 1-5. கேலரியில் மனநிலை எப்படி மாறும் என்பதை அன்று பார்க்க முடிந்தது. இரண்டு நாள் முன்பு “அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு இவன்தான்” என்று சொன்ன வாய் “இவனெல்லாம் எப்படி செலக்ட் ஆனான்?” என்றது. அந்த ‘இவன்’ வயது இருபது. கேலரி எழும்பூரில் களத்துக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை, சத்தம் நன்றாகக் கேட்கும். இந்தி தெரியாதவன் திட்டினாலும் குரலின் தொனிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இங்கே ஒன்றை நாம் நினைவில் வைக்க வேண்டும். நமக்குத் ‘தேறுவானா’ என்பது பொழுதுபோக்கு. அவனுக்கு அது வேலை. இந்தியாவில் ஹாக்கி ஆடும் பையன்களில் பெரும்பாலானவர்கள் எளிய வீட்டிலிருந்து வருகிறவர்கள். ரயில்வே, போலீஸ், ராணுவம், எண்ணெய் நிறுவனம், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும். இப்போது ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்திருக்கிறது, தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி இருக்கிறது. 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத்துக்கு 78 லட்சம் ரூபாய் போனது. ஒரு நல்ல டிசம்பர், ஒரு மோசமான டிசம்பர் இரண்டுக்கும் இடையில் ஒரு வீட்டின் கதையே மாறலாம்.

10ஆம் தேதி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று மூன்று கால்பகுதி முடிந்தது. பக்கத்தில் சிலர் எழுந்து போய்விட்டார்கள். கடைசி 11 நிமிடத்தில் இந்தியா நான்கு கோல் போட்டது. அங்கித் பால், மன்மீத் சிங், சாரதானந்த் திவாரி, அன்மோல் எக்கா. 4-2. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் பதக்கம். நான் பார்த்துக்கொண்டிருந்தது கோல்களை இல்லை. 0-2இல் பந்தைப் பறிகொடுத்தவர்கள் திரும்பி ஓடிவந்தார்களா என்று. ஓடிவந்தார்கள்.

அன்று இரவு இறுதியில் ஜெர்மனி ஸ்பெயினோடு 1-1 சமன் செய்து, ஷூட்டவுட்டில் 3-2 என்று வென்றது. எட்டாவது ஜூனியர் கோப்பை. ஜெர்மனியில் ஹாக்கி பெரிய விளையாட்டுகூட இல்லை, கால்பந்துக்கு முன்னால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஊருக்கு ஊர் கிளப் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஆடுகிற அதே கிளப்பில் ஒலிம்பிக்ஸ் ஆடியவரும் ஆடுவார். அங்கே முளையைக் கணிக்கிற அவசரம் குறைவு. இந்த வருஷம் தேறாவிட்டால் அடுத்த வருஷமும் அதே மைதானத்தில்தான் இருப்பான், யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

*

எங்கள் ஊர் தீபம் ஒருநாள் விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 3ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு ஏற்றுவதை டிவியில் பார்ப்பார்கள், அத்தோடு முடிந்தது. அது 11 நாள் எரியும். ஒவ்வொரு நாளும் நெய்யும் திரியும் மலைக்கு மேலே போக வேண்டும். 2,668 அடி உயரத்துக்கு யாரோ ஒருவர் சுமந்துகொண்டு ஏறுகிறார். அந்த ஏற்றத்தைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

உலகக் கோப்பை முடிந்துவிட்டது. மதுரைக்கு ஒரு புது டர்ஃப் மிச்சமிருக்கிறது, எழும்பூருக்குப் புது விளக்குகள். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் அடுத்த ஜூனியர் உலகக் கோப்பையில் ஆடவேண்டிய தமிழ்ப் பையன் இன்றைக்குப் பதினாறு, பதினேழு வயதில் எங்கேயோ ஒரு மண் மைதானத்தில் இருக்கிறான். அவனை இதுவரை பார்த்தவர் அவன் பி.டி. வாத்தியார் மட்டுமாக இருக்கலாம். எழும்பூரில் என் பக்கத்தில் உட்கார்ந்து தலைகளை எண்ணச் சொன்ன பெரியவர் மாதிரி நூறு பேர் நம் மாநிலத்தில் இருப்பார்கள். அவர்களை மாவட்டப் பள்ளிப் போட்டிகளுக்கு அழைத்துப்போய் உட்காரவைக்க ஸ்டேடியம் தேவையில்லை, நாற்காலியும் டீயும் போதும்.

ரசிகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை உங்கள் ஊரில் மாவட்ட ஹாக்கி நடக்கும்போது ஒரு மணி நேரம் போய் நில்லுங்கள். தேறுவானா என்று கேளுங்கள், அது தப்பில்லை. கேட்டுவிட்டு அவன் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே மைதானத்துக்குப் போய் அவன் இன்னும் ஆடுகிறானா என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் ஏன் என்று விசாரியுங்கள்.